நம்ம ஊர் இலையுதிர் காலம்

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். “பயணம் போன இடத்தில் உங்கள் மனத்தை விட்டுப் போகாத காட்சி எது?”

வந்த அழைப்புகளில் பாதி கொரியாவைப் பற்றியது. நாமி தீவில் மஞ்சளாய் நிற்கும் மரங்களைப் பற்றிக் கிள்ளானிலிருந்து ஒரு தம்பி பேசினார். ஜப்பானில் பொறுக்கிய சிவப்பு இலையை இன்னும் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருப்பதாக ஈப்போவிலிருந்து ஓர் அக்கா சொன்னார். “நம்ம ஊர்ல இலையுதிர் காலமே இல்லையேங்க, அதுக்காகவே காசு சேர்த்துப் போனோம்” என்றார். நானும் “ஆமாங்க, நமக்கு வெயிலும் மழையும்தானே” என்று சிரித்தேன்.

பாட்டு ஓடத் தொடங்கியதும் மைக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் நானும் கொரியாவில் இருந்திருக்க வேண்டியவள்.

நாங்கள் மூன்று தோழிகள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருத்தி இன்று தஞ்சோங் காராங்கில் ஆசிரியை. அவளை ‘டீச்சர்’ என்றே கூப்பிடுவோம். இன்னொருத்தி ஷா ஆலாமில் கணக்காய்வாளர். அவள் ‘ஆடிட்டர்’. முப்பத்தைந்து வயதுக்குள் மூவரும் சேர்ந்து ஓர் இலையுதிர் காலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக அவரவர் கணக்கில் பணம் சேர்த்தோம். விமான டிக்கெட் வாங்க வேண்டிய வாரத்தில் நான் பின்வாங்கினேன். “லீவு கிடைக்கல” என்றேன். நீ இல்லாமல் நாங்கள் மட்டும் எதற்கு என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

லீவு ஒரு பிரச்சினையே இல்லை. செப்டம்பரில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, வாரத்துக்கு ஆறு நாள் காலை நிகழ்ச்சி கைவிட்டுப் போய், வார இறுதியில் இரண்டு மாலைகள் மட்டும் மிஞ்சின. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவள் நான். ஆறு இரண்டானால் என்ன ஆகும் என்று சொல்ல ஆடிட்டர் தேவையில்லை. கார் தவணை குறையவில்லை. வாடகை குறையவில்லை. அம்மாவுக்கு மாதம் அனுப்பும் 400 வெள்ளியையும் நான் குறைக்கவில்லை. கொரியாவுக்குச் சேர்த்த பணம் அதில்தான் கரைந்துகொண்டிருந்தது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, பத்து ஆண்டுகளுக்கு மேல் பேச்சையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு இந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. அம்மாவிடம் “நேரத்தை மாத்திட்டாங்கம்மா” என்று மட்டும் சொன்னேன். காலை ஆறு மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்கும்போதே ரேடியோவைத் திறந்துவிடுகிற அம்மா, “அப்படியா?” என்று கேட்டதோடு சரி.

பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையில் டீச்சர் அழைத்தாள். “கொரியா போகலன்னா என்னா இப்ப? கெர்லிங் பக்கம் பால் மரமெல்லாம் செவந்து கிடக்காம். ஒரு நாள் போய்ட்டு வருவோம். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா.”

அப்போதுதான் நான் வானொலியில் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று உறைத்தது. நம் ஊருக்கும் இலையுதிர் காலம் உண்டு. ரப்பர் மரம் வளர்ந்த பிறகு ஆண்டுக்கு ஒரு முறை தன் இலைகளை உதிர்த்துவிடும். குளிர் நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது மரங்கள் செய்வதை, ரப்பர் இங்கே மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வாரங்களில் செய்கிறது. பச்சை மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்து உதிரும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் விடும். அமேசான் காட்டு மரம் அது. 1876ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்ற விதைகளிலிருந்து வளர்ந்த நாற்றுகள்தான் மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. கடல் தாண்டி வந்த பிறகும் இலை உதிர்க்கும் பழக்கத்தை அது விடவில்லை.

காலை ஏழு மணிக்குக் கோலசிலாங்கூரில் கூடினோம். ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, புக்கிட் மலாவத்தி குன்றின் மேல் ஒரு சுற்று. 1907ல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் அடியில் சாம்பல் நிறக் குரங்குகள் ஆடிட்டரின் கைப்பையைச் சோதனை போட்டன. அங்கிருந்து பார்த்தால் சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் பக்கம் தெரியும். வெளியூர்க்காரர்கள் இந்த ஆற்றைத் தேடி வருவது இரவில், கம்போங் குவாந்தானில் படகில் உட்கார்ந்து மின்மினி பார்க்க. இதே ஆற்றங்கரை வட்டாரத்தில் வளர்ந்த நாங்கள் மூவருமே அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. “இன்னிக்கு ஆத்தோட மேல போவோம்” என்றாள் டீச்சர்.

அம்மா இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். 2007ல் பெயர் மாறிவிட்டாலும் அம்மாவுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நாங்கள் போனபோது, புளிச்சோற்றுப் பொட்டலங்களோடும் தண்ணீர்ப் புட்டியோடும் வாசலில் தயாராக நின்றார். உட்கார்ந்து சாப்பிட ஒரு பழைய கைலியும் பையில் இருந்தது. “ஏண்டி பிள்ளைங்களா, எல போய்ப் பாக்குறதுக்கா இவ்வளவு எண்ணெய் ஊத்திக்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே முன் இருக்கையில் ஏறினார்.

அந்த வட்டாரத்தில் வழி நெடுகச் செம்பனைதான். இந்த நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது இங்கேதான். 1917ல், தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது, பாருங்கள். அதை நட்டவர் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்ட வாழ்க்கையை வைத்து ‘மலேசி’ என்ற நாவலை எழுதி, 1930ல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கியவர். இதை நான் சொல்லிக்கொண்டு வந்தபோது அம்மா, “அவரு எழுதினாரு, பரிசு வாங்கினாரு. சரி, கொலை வெட்டினவங்க பேரு அதுல இருக்கா?” என்று கேட்டார். காரில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது. பன்னிரண்டு மாதமும் ஒரே பச்சை. எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டது நான் பிறப்பதற்கு முன். அதனால் பால் மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்ட கதைதான். அம்மா பதினைந்து வயதில் பால் மரம் வெட்டப் போனவர். பிறகு செம்பனையில் வெளிக்காட்டு வேலை. எங்கள் பழைய தோட்டத்தைக் கடந்தபோது கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். லயம் இருந்த இடத்திலும் செம்பனை நின்றது. ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

ஊரைத் தாண்டினால் ஏரிகள். உண்மையில் அவை ஏரிகள் அல்ல. மிதவைக் கப்பல் போட்டு ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தவை. காலை வெயிலில் நீலமும் பச்சையுமாகப் படம் போலக் கிடந்தன. ஆடிட்டர் இறங்கி ஐம்பது படமாவது எடுத்திருப்பாள். புக்கிட் தாகார், புக்கிட் பெருந்தோங் வழியாக ராசாவை அடைந்தபோது, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நீலக் கோடாக எழுந்து நின்றது. கோலகுபு பாருவை அப்போதைக்கு விட்டுவிட்டு, பழைய சாலையில் வடக்கே கெர்லிங் பக்கம் திரும்பினோம்.

டீச்சர் சொன்னது பொய்யில்லை. ஒரு வளைவைத் தாண்டியதும் சிறுதோட்டக்காரர் ஒருவரின் பால் மரங்கள் சரிவு முழுக்கச் சிவந்து நின்றன. காற்று வீசும்போதெல்லாம் இலைகள் கூட்டமாகச் சுழன்று இறங்கின. தரை தெரியவில்லை. காரை ஓரங்கட்டினோம். எங்கள் மூவருக்கும் வாயடைத்துப்போனது. கொரியாவை நான் பார்த்ததில்லை, ஆனால் இதைவிட அழகாக இருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இலைமேல் நடந்தார். ஒரு மரத்தடியில் நின்று, வெட்டிய பட்டையை விரலால் தடவினார். கவிழ்த்து வைத்திருந்த மங்கைத் தூக்கிப் பார்த்து, மறுபடி கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது இவ்வளவு அழகாவா இருந்துச்சு?” என்றார்.

“வருஷா வருஷம் பார்த்திருப்பீங்களேம்மா” என்றாள் ஆடிட்டர்.

“பாத்தோம்மா. அழகுன்னு பாக்கல. எல மஞ்சளானாலே வயித்துல புளி கரைக்கும். எல விழுந்தா பால் விழாது. நிறுக்கிற எடத்துல கிராணி எழுதுற எண்ணு பாதியாயிடும். வேலை நாளும் கொறையும். அப்ப சம்பளம் என்னா வரும்? எங்கம்மா மரத்தப் பாத்துட்டு வந்து அரிசி டின்னப் பாப்பாங்க. அதான் எங்களுக்கு இந்த மாசம்.”

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த படங்களை நிறுத்திவிட்டோம்.

“அப்ப எப்படிம்மா சமாளிச்சீங்க?” டீச்சர் கேட்டாள்.

“எப்படியோ சமாளிச்சோம். கடையில பத்து எழுதுவோம். மரவள்ளிக் கிழங்கு அவிப்போம். ஒருத்தர் வீட்டுல கருவாடு இருந்தா நாலு வீட்டுக்குக் கொழம்பு போகும். கூட்டுப் பணம் யாரு எடுக்கிறதுன்னு வந்தா, ரொம்ப முடியாதவங்களுக்கு மொதல்ல விட்டுக் குடுப்போம். அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. எல்லாரு நெரையிலயும் எல கொட்டிக் கிடக்கு. யாருக்கு யாரு ஒளிக்கிறது? மரத்தப் பாத்தாலே தெரியுமே.”

அம்மா இயல்பாகத்தான் சொன்னார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி வார்த்தை எனக்கு முள்ளாய்க் குத்தியது. லயத்தில் யாருக்குக் கஷ்டம் என்று மரமே சொல்லிவிடும். என் அடுக்குமாடி வீட்டில் அது யாருக்குத் தெரியும்? கார் அதே கார். முகநூலில் அதே சிரிப்பு. வானொலியில் அதே உற்சாகம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேலை போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. எங்கள் தலைமுறை லயத்தை விட்டு வெளியே வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒழுகும் கூரையும் பொதுக் குழாயும் யாருக்கு வேண்டும்? ஆனால் கஷ்டத்தை நாலு பேர் அறியப் படும் பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

திரும்பி வந்து கோலகுபு பாருவில் தேநீர் குடித்தோம். 1883ல் அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் அடித்துச் சென்றது. அந்த இடத்துக்கு இன்றும் ‘அம்பாங் பெச்சா’, அதாவது உடைந்த அணை என்றே பெயர். அதன் பிறகும் வெள்ளம் விடாமல் துரத்த, மேட்டு நிலத்தில் சார்ல்ஸ் ரீட் என்ற நகரத் திட்டமிடுநர் வகுத்த புது ஊர்தான் கோலகுபு பாரு. நடுவில் பூங்காவும் அகலத் தெருக்களுமாக இருக்கும் அந்தச் சிற்றூரைப் பார்த்தால், இப்படி ஒரு கதை அதற்குப் பின்னால் இருக்கும் என்று தோன்றாது.

அங்கிருந்து ஃபிரேசர் மலைக்குப் போகும் சாலையில் கொஞ்ச தூரம் ஏறினால் சிலாங்கூர் அணை. இரு பக்கமும் காடு, நடுவே மலைகளுக்கு இடையில் வளைந்து வளைந்து போகும் பெரிய நீர்ப்பரப்பு. வறட்சியில் நீர் சற்று இறங்கி, கரையோரம் செம்மண் பட்டை தெரிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்குக் குழாய்களில் வரும் நீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றுத் தண்ணீர்தான். இந்த அணைக்காகத் தெமுவான் பூர்வகுடியினர் தங்கள் கிராமங்களை விட்டு இடம் மாற வேண்டியிருந்தது. காலையில் கடலோரத்தில் பழுப்பாகப் பார்த்த அதே ஆறு, இங்கே கண்ணாடியாக நின்றது.

நிழலாக ஓரிடம் பார்த்துக் கைலியை விரித்துப் புளிச்சோற்றைப் பிரித்தோம். ஆடிட்டர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “இந்த வருஷம் விடக்கூடாது. அக்டோபர்ல கொரியா. நீ இப்பவே லீவுக்கு எழுதிக் குடுத்துடு” என்றாள்.

“லீவெல்லாம் பிரச்சினை இல்ல” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “என்கிட்ட காசு இல்ல. செப்டம்பர்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு நிகழ்ச்சிதான். அன்னிக்கு லீவு கிடைக்கலன்னு சொன்னது பொய்.”

ஆற்று மணலில் கால் வைத்ததுபோல இருந்தது. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஆறு மாசமா? என்கிட்டயா?” என்றாள். வேலை குறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொய் சொன்னதுதான் அவளுக்குக் கோபம். பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்துபோய் கார் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஆடிட்டர் அதற்கு நேர்மாறு. கைப்பேசியில் கணக்குப் பலகையைத் திறந்து, “கார் தவணை எவ்வளவு? கிரெடிட் கார்டுல எவ்வளவு நிக்குது? மறைக்காம சொல்லு” என்று ஆரம்பித்துவிட்டாள். கார்டு கடன் கையை மீறுவதற்கு முன்னால் ஏகேபிகே கடன் ஆலோசனை மையத்துக்குப் போ, காசு வாங்கமாட்டார்கள் என்றாள். என்னைப் போன்ற நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது முன்பே தெரியும். ஆனால் போனால் யாராவது குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

அம்மாவின் பக்கம் திரும்பத் தயக்கமாக இருந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “எனக்குத் தெரியும்.”

“எப்படிம்மா?”

“காலையில வேற பிள்ளை பேசுது. உனக்கு வேலை கூடியிருந்தா அன்னிக்கே போன் அடிச்சுச் சொல்லியிருப்ப. கொறைஞ்சதாலதான் சொல்லல.”

“ஏன் கேக்கல நீங்க?”

“நீயா சொல்லுவன்னு இருந்தேன். நேரமாயிடுச்சு, சாப்பிடு.”

வீடு திரும்பும் வழியில் டீச்சர் ராசா வரைக்கும் பேசவில்லை. ராசாவைத் தாண்டியதும், “எங்க ஸ்கூல்ல பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைங்களத் தயார் பண்ண ஆள் தேடுறாங்க. பெரிசா ஒண்ணும் தரமாட்டாங்க. வர்றியா?” என்று சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். வருகிறேன் என்றேன். பிறகுதான் ரேடியோவைத் திறந்தாள்.

என் நிலைமை அதோடு மாறிவிடவில்லை. இன்றும் வாரத்துக்கு இரண்டு மாலைகள்தான். காரை விற்பதா வைத்துக்கொள்வதா என்று ஆடிட்டரும் நானும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இரவில் தூக்கம் வருகிறது. ஆறு மாதம் என்னை வாட்டியதில் பாதி பணக் கஷ்டம், மீதிப் பாதி அதை ஒளித்து வைத்த கஷ்டம் என்பது சொன்ன பிறகுதான் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சியில், நவம்பரில் தவறாகச் சொன்னதைத் திருத்திக்கொண்டேன். “நம் நாட்டு இலையுதிர் காலத்தைப் பார்த்தவர்கள் அழையுங்கள்” என்றேன். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தது, பாலிங்கிலிருந்து வந்தது, கெர்லிங்கிலிருந்தும் வந்தது. கடைசியாகப் பேசிய பெரியவர் நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவராம். “எல கொட்டித் தளிர் விடுற சமயத்துல மரத்துக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கணும்மா. அப்ப போட்டு வெட்டினா மரம் தாங்காது. தளிர் முத்தட்டும். பால் தானா வரும்” என்றார். அவருக்கு நன்றி சொல்லி, அடுத்த பாட்டைப் போட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அம்மா அழைத்தார்.

“இன்னிக்கு நல்லா பேசின. வர்ற மாசம் எனக்கு 200 வெள்ளி போதும்.”

வழக்கமாக என்றால் மறுத்திருப்பேன். “சரிம்மா” என்றேன்.